முப்பத்தொரு ஓட்டை, முப்பது குண்டூசி

பிள்ளையள், நீங்கள் கேட்ட அந்த ஒரு பந்தியை நாலு தரம் எழுதிக் கிழிச்சுப்போட்டன். எஞ்சினியரிங் கம்பனியள் ஏன் ரொறன்ரோப் பக்கம் வரவேணும் எண்டு, புது ஒஃபிஸ் தேடுற கொமிற்றிக்கு நான் எழுதித் தரவேணுமாம். ரிட்டயராகி வீட்டிலை இருக்கிற மனுசனுக்கு வேறை என்ன வேலை எண்டு நினைச்சியளாக்கும். உண்மையா வேலை இல்லைத்தான். முழங்கால் நோ, பாக்க வேண்டிய டொக்டர்மார், வழிக்க வேண்டிய ஸ்நோ, அவ்வளவும்தான் என்ரை உத்தியோகம்.

அந்தப் பந்தியிலை என்ன இருக்கவேணும் எண்டு எனக்குத் தெரியாதே? இருபது வருஷமா அதைத்தானே திருப்பித் திருப்பி எழுதினனான். எந்தப் பக்கம் பாத்தாலும் கிரேன். நாளாந்தம் சனம் வந்து இறங்குது. வாற சனத்துக்கு வீடு வேணும், வீட்டுக்குத் தண்ணி வேணும், தண்ணிக்குக் குழாய் வேணும், குழாய் புதைக்கக் கிடங்கு வெட்டவேணும். கிழக்கிலை அணுமின் நிலையங்கள், நடுவிலை புதுச் சப்வே, மேற்கிலை விமான நிலையம், சுத்திவர யூனிவேர்சிற்றியள். உலகத்திலை எந்த மூலையிலை படிச்ச எஞ்சினியரும் இஞ்சை ஏதோ ஒரு பேஸ்மென்றிலை இருந்து வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு இருப்பினம். உதெல்லாம் உண்மை. உதை எழுத நான் தேவையில்லை, உங்கட கொம்பியூட்டர் என்னைவிட வடிவா எழுதும்.

நான் எழுதப்போறது வேறை. எங்கட கம்பனி இந்த ஊருக்குள்ளை ஒருக்கா இடம் மாறினது. இடத்தைத் தெரிவு செய்தவன் நான். நல்ல தெரிவு எண்டு எல்லாரும் சொன்னவை, இண்டைக்கும் நீங்கள் ரொறன்ரோவுக்குக் கிழக்கை அந்த விட்பி ஒஃபிசிலை இருந்துதான் எனக்கு ஈமெயில் போடுறியள். அதிலை நான் ஒரு பிழை விட்டனான். கன காலமா ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீங்கள் திரும்பவும் இடம் மாறப்போறம் எண்டு எழுதினாப்போலைதான், உவைக்காவது சொல்லிப்போடுவம் எண்டு எழுதக் குந்தினன்.

கம்பனி கனடாவின்ரை மேற்குப் பக்க மாகாணத்துக் கம்பனி எண்டு உங்களுக்குத் தெரியும். தலைமை ஒஃபிஸ் அங்கை. ரொறன்ரோ வளருது, அங்கை போய் நிண்டால் கட்டுறதுக்கு முதல் மண் சோதிக்கிற வேலை தானா வரும் எண்டு கேள்விப்பட்டு, டவுன்டவுனுக்குக் கிட்ட ஒரு பழைய இரண்டு மாடிக் கட்டிடத்திலை கிளை திறந்தவை. கேள்விப்பட்டது சரிதான். கிடங்கு வெட்டுறவன் எல்லாரும் எங்களைக் கூப்பிட்டான். நான் சேரேக்கை எட்டுப் பேர், கொஞ்சக் காலத்திலை முப்பத்தொரு பேர். என்னைக் கிளை மனேஜர் ஆக்கினவை. அந்த முப்பத்தொண்டிலை என்னோடை சேத்து அஞ்சு பேர் தமிழ் ஆக்கள். அதிலை கடைசியா வந்தவ கௌரி.

கௌரி ஊரிலை நீர்ப்பாசனத் திணைக்களத்திலை எஞ்சினியரா இருந்தவ. இஞ்சை லைசன்ஸ் இல்லை எண்டபடியாலை எங்களிட்டை ரெக்னீசியன். சைட்டுக்குப் போய் மண்ணைப் பாக்கிறது, எழுதுறது, லாப்பிலை சோதிக்கிறது. டவுன்டவுனிலை, சென் ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடியிலை, பதினாறாம் மாடியிலை புருஷனோடையும் மகளோடையும் இருந்தவ. கார் இல்லை. அந்த நேரத்து விதி என்னெண்டால், வெளிநாட்டிலை படிச்ச ஆள் எஞ்சினியர் லைசன்ஸ் எடுக்கிறதெண்டால் கனடாவிலை லைசன்ஸ் உள்ள ஒருத்தருக்குக் கீழை ஒரு வருஷமாவது வேலை செய்திருக்கவேணும், அவர் அதைக் கையெழுத்துப் போட்டு உறுதிப்படுத்தவேணும். இப்ப அந்த ஒரு வருஷ விதியை எடுத்துப்போட்டினம், உங்களிலை கனபேருக்கு அப்பிடி ஒண்டு இருந்ததே தெரியாது. கௌரிக்கு அந்த ஆள் நான். அவவின்ரை லைசன்ஸ் என்ரை கையெழுத்திலை நிண்டது.

ஒருநாள் சைட்டிலை ஹெல்மெற்றைக் கழட்டிக்கொண்டு சொன்னா, "ஊரிலை நான் கையெழுத்துப் போட்டால் வாய்க்காலிலை தண்ணி ஓடும் அண்ணை. இஞ்சை என்ரை கையெழுத்து வாசலிலை வைச்சிருக்கிற வரவுக் கொப்பியிலை மட்டும்தான்."

சிரிச்சுக்கொண்டுதான் சொன்னா. எனக்குச் சிரிப்பு வரேல்லை, நானும் அப்பிடி ஒரு கொப்பியிலை ஆறு வருஷம் கையெழுத்துப் போட்டவன்தானே.

இப்ப என்ரை குணத்தைச் சொல்லவேணும். கௌரியை எடுத்த முதல் கிழமை, தலைமை ஒஃபிசிலை இருந்து வந்த ஒருத்தன் கோப்பிக் கோப்பையோடை நிண்டு, "இவவும் உன்ரை ஆக்களோ?" எண்டு கேட்டான். பகிடியாத்தான் கேட்டவன். எனக்கு அது நெஞ்சுக்குள்ளை போய் இருந்திட்டுது. மனேஜர் தன்ரை சனத்தைக் கொண்டந்து நிரப்புறார் எண்டு ஒரு சொல் வந்தால் என்ரை பேர் என்னாகும்? அண்டையிலை இருந்து ஒஃபிசுக்குள்ளை கௌரியோடை இங்கிலிஷிலை மட்டும்தான் கதைச்சன். லஞ்ச் றூமிலை எங்கட ஆக்கள் இருக்கிற மேசையிலை இருக்கமாட்டன். கௌரியின்ரை றிப்போட்டிலை மற்றவைக்கு விடுற சின்னப் பிழையையும் விடமாட்டன், சிவத்தப் பேனையாலை வெட்டுவன். சைட்டிலை இருந்து போன் எடுத்தால் மட்டும் தமிழ். அப்ப நான் அண்ணை. ஒஃபிசிலை நான் அவவுக்கு மிஸ்டர். இப்ப எழுதேக்கை எனக்கே வெக்கமாக் கிடக்கு.

வேலையிலை அவ எப்பிடி எண்டதுக்கு ஒண்டு சொல்லுறன். இரண்டு நாள் மழை பெஞ்சு விட்ட ஒரு காலமை, ஷேர்போன் றோட்டுக்குக் கிட்ட நாங்கள் பாத்துக்கொண்டிருந்த ஒரு கொண்டோ மாடிக் கட்டிடத்துக்கு வெட்டின கிடங்கிலை சுவராலை தண்ணி வருது எண்டு போர்மன் போன் எடுத்தான். போர்த்துக்கல்காரன், வாய் காரம், மனம் நல்லது. அண்டைக்குக் கொங்கிறீற் வாறதுக்கு ஒழுங்கு செய்து கிடக்கு. நான் விட்பியிலை என்ரை வீட்டிலை இருந்து வந்துகொண்டிருக்கிறன், ஹைவேயிலை கார் நகருதில்லை. கௌரி வீட்டிலை இருந்து நடந்தே பத்து நிமிஷத்திலை போயிட்டா.

"அண்ணை, உது மழைத் தண்ணி இல்லை," எண்டா போனிலை. "கலங்கி வருது. கையிலை பிடிச்சுப் பாத்தன், மணல் நறநறக்குது."

தண்ணி மட்டும் வந்தால் பம்ப் பண்ணலாம். மணலோடை வந்தால் சுவருக்குப் பின்னாலை நிலம் கரைஞ்சு வெறுமையாகுது எண்டு அர்த்தம். உங்களுக்கு அது தெரியும். ஆனால் வேலையை நிப்பாட்டச் சொல்லுறது லேசுப்பட்ட விசயமே? நான் இழுத்தன். "வடிவாத் தெரியுமோ? நிப்பாட்டினால் பெரிய கரைச்சல் வரும், கௌரி."

"பிழையெண்டால் பிறகு என்னை நிப்பாட்டுங்கோ அண்ணை. இப்ப கிடங்கை நிப்பாட்டுங்கோ."

நிப்பாட்டினம். பின்னாலை ஒரு பழைய கழிவுத்தண்ணிக் கான் உடைஞ்சு மணலை அரிச்சுக்கொண்டு இருந்தது. ஒரு நாள் விட்டிருந்தால் றோட்டு உள்ளை போயிருக்கும். அந்தப் போர்மன் அண்டைக்கே கௌரியின்ரை போன் நம்பரைத் தன்ரை ட்ரெயிலர்ச் சுவரிலை பெரிய எழுத்திலை எழுதி வைச்சான். நான் றிப்போட்டிலை என்னெண்டு எழுதினன் தெரியுமோ? "எங்கள் கள ஊழியர் அவதானித்தார்." பேர் போடேல்லை. போட்டால் தூக்கிவிடுறன் எண்டு ஆரும் நினைச்சாலும் எண்டு.

பிறகு வாடகை ஒப்பந்தம் முடிஞ்சுது, ஒஃபிஸ் மாறவேணும் எண்டு வந்திச்சுது. டவுன்டவுனிலை ஒரு இடம், விட்பியிலை ஒரு இடம். இரண்டுக்கும் நியாயம் இருந்தது. விட்பி எண்டால் லாப்புக்கு இடம் காணும், துளைக்கிற மெஷினுகள் விட முற்றம் இருக்கு, கிழக்கிலை புதுசு புதுசா வீட்டுத் திட்டங்கள். டவுன்டவுன் எண்டால் எங்கட ஆழமான கிடங்கு முழுக்க நடந்து போற தூரத்திலை. தலைமை ஒஃபிசின்ரை டிரெக்டர் அம்மா, எனக்கு இந்தத் தொழிலிலை கனக்கக் காட்டித் தந்த மனுசி, போனிலை சொன்னா: "வாடகையை நான் பாக்கிறன். நீ ஒரு பலகையிலை ரொறன்ரோ றோட்டு மப்பை ஒட்டி, உன்ரை ஆக்கள் ஒவ்வொருத்தரும் எங்கை இருக்கினம் எண்டு குண்டூசி குத்திக் கொண்டா. அதைப் பாத்துத்தான் நான் முடிவெடுப்பன்."

அந்தப் பலகையை லஞ்ச் றூமிலை வைச்சன். ஆளாளுக்கு வந்து தங்கட வீட்டிலை குத்திச்சினம். ஒரே சிரிப்பு. "அட, நீ எனக்கு இரண்டு தெரு தள்ளியோ" எண்டு. ஸ்காபரோ, பிக்கரிங், ஏஜக்ஸ், விட்பி எண்டு கிழக்குப் பக்கம் முழுக்கக் குண்டூசி. என்ரை நீலக் குண்டூசியும் விட்பியிலைதான், அப்பதான் புது வீடு வாங்கிப் போயிருந்தனாங்கள். டவுன்டவுனிலை ஒண்டே ஒண்டு. சிவப்பு. கௌரி தானே வந்து, கண்ணாடியைப் போட்டுக் கொண்டு, தன்ரை கட்டிடத்தைத் தேடிப் பிடிச்சுக் குத்தினவ.

திங்கக்கிழமை டிரெக்டர் அம்மா வரப்போறா. காலமை நான் தனிய நிண்டு பலகையைப் பாத்தன். அந்தச் சிவப்பு என்ரை கண்ணைக் குத்திச்சுது. மனுசி கட்டாயம் கேக்கும், "இது ஆர்?" எண்டு. கேட்டால் சொல்லவேணும், எங்கட கெட்டிக்கார ஆள், கார் இல்லை, கிடங்குகளுக்குக் கிட்ட இருக்கிறா, இவவை விடக்கூடாது எண்டு. சொன்னால் என்ன நினைப்பினம்? ஒரு தமிழ்ப் பொம்பிளைக்காக முழு ஒஃபிசையும் டவுன்டவுனுக்கு இழுக்கிறான் எண்டு நினைப்பினம். இன்னொண்டும் உண்மை, அதையும் மறைக்காமல் சொல்லுறன்: விட்பி எண்டால் எனக்கு வீட்டிலை இருந்து எட்டு நிமிஷம்.

எங்கட தொழிலிலை ஒரு வழக்கம் இருக்குத்தானே. முப்பது ரீடிங் ஒரு பக்கம் நிக்க ஒண்டு மட்டும் எங்கேயோ நிண்டால், அது பிழையான ரீடிங் எண்டு எடுத்து விடுவம். நானும் எனக்கு அப்பிடித்தான் சொல்லிக்கொண்டன். சிவப்புக் குண்டூசியைப் பிடுங்கிச் சட்டைப் பொக்கற்றுக்குள்ளை போட்டன். ஒரு நிமிஷ வேலை.

டிரெக்டர் அம்மா வந்தா, பாத்தா, "இதிலை கேக்கிறதுக்கு ஒண்டும் இல்லையே" எண்டா. விட்பி முடிவாச்சுது. பலகையைத் திருப்பி லஞ்ச் றூமிலை மாட்டி, புது ஒஃபிஸ் வாற இடத்திலை ஒரு பச்சைக் கொடி ஒட்டி விட்டன். எல்லாரும் கேக் வெட்டிச் சாப்பிட்டவை.

இரண்டு கிழமை கழிச்சுக் கௌரி விலகல் கடிதம் தந்தா. "கொஞ்சம் தூரமாப் போச்சுது" எண்டு இங்கிலிஷிலை சொன்னா, ஏனெண்டால் ஒஃபிசுக்குள்ளை. எங்களோடை பதினாலு மாதம் வேலை செய்திருந்தா. லைசன்ஸ் கடிதத்துக்கு என்னட்டை வருவா எண்டு பாத்துக்கொண்டு இருந்தன், வந்தால் உடனை எழுதிக் குடுப்பம் எண்டு. வரேல்லை. நானா எடுத்துக் கேக்கவும் இல்லை. உள்ளதைச் சொன்னால், ஒரு தலையிடி குறைஞ்சுது எண்டுதான் அண்டைக்கு இருந்தது.

பத்து மாதம் போச்சுது. அதே போர்மன், அதே றோட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வேறை ஒரு கிடங்கு. கிடங்குச் சுவர் அசையுதோ எண்டு பாக்க இருபது இடத்திலை குறி ஒட்டி, கிழமைக்கு இரண்டு தரம் அளந்துகொண்டிருந்தனாங்கள். ஒரு குறி மட்டும் திடீரெண்டு விலகி நிண்டுது. எங்கட இளம் எஞ்சினியர் ஒருத்தி விட்பி ஒஃபிசிலை என்ரை மேசைக்குக் கொண்டந்து காட்டினவ. மற்றப் பத்தொன்பதும் அசையேல்லை. "மெஷின் ஏதும் தட்டியிருக்கும், விடு" எண்டன். அந்தப் பிள்ளை ஒரு கணம் நிண்டிட்டுப் போச்சுது. அவவிலை பிழை இல்லை, விடச் சொன்னது நான்தான்.

மூண்டாம் நாள் காலமை ஏழு மணிக்குப் போர்மன் போன். கிடங்குக்குப் பின்னாலை ஓடுற ஒழுங்கையிலை வெடிப்பு ஓடுது, சுவராலை தண்ணி வருது. நான் காரிலை ஏறினன். ஹைவேயிலை பிக்கரிங் தாண்டேல்லை, எல்லாம் நிண்டு போச்சுது, முன்னுக்கு ஏதோ அக்சிடென்ற். எங்கட மற்ற இருபத்தொன்பது பேரும் கிழக்குப் பக்கத்திலை, விட்பிக்கு வேலைக்குப் போற வழியிலை. டவுன்டவுனிலை எங்களுக்கு ஒரு காக்காய்க்குஞ்சு இல்லை. அந்த ஒழுங்கைக்குப் பின்னாலை ஒரு பழைய மூண்டு மாடி அப்பார்ட்மென்ற். அதுக்குள்ளை சனம் அந்த நேரம் பிள்ளையளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்திக்கொண்டு இருக்கும்.

ஏழு நாப்பதுக்குப் போர்மன் திரும்ப எடுத்தான். "உன்ரை பொம்பிளை வந்து நிக்குது. வெட்டின மண்ணைத் திருப்பிச் சுவரோடை தள்ளச் சொல்லுது. அப்பார்ட்மென்றிலை இருக்கிற ஆக்களை வெளியிலை எடுக்கச் சொல்லுது. என்ன செய்ய?"

"எந்தப் பொம்பிளை?"

"கௌரி. நீ வரமாட்டாய் எண்டு விளங்கிச்சுது, நான் அவவுக்கும் எடுத்தனான்."

யோசிச்சுப் பாருங்கோ. அவ எங்கட கம்பனி ஆள் இல்லை. லைசன்ஸ் இல்லை. அவ சொல்லி மண்ணைத் தள்ளி ஏதும் பிழைச்சால் பழி முழுக்க என்ரை தலையிலை. ஒரு கிடங்கைத் திருப்பி நிரப்பிறது எண்டால் வாரக்கணக்கிலை வேலை பின்னுக்குப் போகும். நான் கண்ணாலை ஒண்டும் காணேல்லை. "தண்ணியிலை மணல் வருதோ எண்டு அவவிட்டைக் கேள்" எண்டன். அந்தப் பக்கத்திலை கதைக்கிறது கேட்டுது. "நறநறக்குதாம்" எண்டான். அந்தச் சொல்லை அப்பிடியே தமிழிலை சொன்னான், கௌரி சொல்லிக் குடுத்திருக்கிறா.

"அவ சொல்லுறதெல்லாம் செய்," எண்டன். "நான் சொன்னதா எழுது. ஃபயர் ட்ரக்குக்கும் அடிச்சுச் சொல்லு. போனை ஒருக்கா அவவிட்டைக் குடு."

"கதைக்கிறதுக்கு ஒண்டும் இல்லையாம். மிஸ்டரை வரச் சொல்லட்டாம்," எண்டான்.

நான் போய்ச் சேர ஒன்பதரை. ஒழுங்கை முழங்கால் அளவுக்குத் தாழ்ந்து கிடந்தது. சுவர் நிண்டுது, ஏனெண்டால் அதோடை மலை மாதிரி மண்ணை ஒதுக்கியிருந்தவை. அப்பார்ட்மென்ற் சனம் றோட்டிலை. போர்வை சுத்திக்கொண்டு ஒருத்தர், பூனைக்கூட்டோடை ஒருத்தர், இரவு உடுப்போடை பிள்ளையள். ஒருத்தருக்கும் ஒரு காயம் இல்லை. நான் அப்பிடியே றோட்டுக் கரையிலை குந்தியிட்டன்.

கௌரி கையெல்லாம் சேறு, வேறை ஒரு கம்பனியின்ரை ஜக்கெற். வந்து ஒரு முழம் தள்ளிக் குந்தினா. எல்லாருக்கும் முன்னாலை நான் முதல் தரம் அவவோடை தமிழிலை வாய் திறந்தன்.

"கோடி புண்ணியம் உமக்கு," எண்டன். "நீர் ஏன் போனனீர் கௌரி? தூரம் எண்டுதானே? டவுன்டவுனிலை ஒரு மேசை போட்டாவது உம்மை வைச்சிருந்திருக்கலாம். நான் யோசிக்கேல்லை."

"தூரமெண்டால் வந்திருப்பன் அண்ணை," எண்டா. "சப்வே, புறநகருக்குப் போற கோ ட்ரெயின், பஸ் எல்லாம் பாத்து வைச்சனான். ஒரு மணித்தியாலம் ஐம்பது நிமிஷம். மகளுக்குச் சாவி குடுத்துத் தனிய இருக்கவும் பழக்கிப்போட்டன். பலகையைக் கொண்டந்து மாட்டினியளெல்லோ? எல்லாரும் தங்கட குண்டூசி எவ்வளவு தூரம் எண்டு பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிண்டவை. நானும் போய்ப் பாத்தனான். ஓட்டை மட்டும் கிடந்தது."

என்ரை கை சட்டைப் பொக்கற்றைத் தடவிச்சுது.

"என்னைப் புது ஒஃபிசுக்குக் கொண்டுபோற எண்ணம் உங்களுக்கு இல்லை எண்டு விளங்கிச்சுது. துரத்திறதுக்கு முதல் நானாப் போயிட்டன்."

"ஐயோ கௌரி, அப்பிடி இல்லை," எண்டு தொடங்கி, ஏன் பிடுங்கினன் எண்டு முழுக்கச் சொன்னன். என்ரை ஆக்களை இழுக்கிறன் எண்ட பேர் வந்திடும் எண்டு பயந்தது, விட்பியிலை வீடு, எல்லாம். கேட்டுக்கொண்டு இருந்தா. முகத்திலை கோவமும் இல்லை, வேறை ஒண்டும் இல்லை. களைச்சுப்போன முகம்.

"லைசன்ஸ் கடிதத்துக்கு ஏன் வரேல்லை?" எண்டன். "பதினாலு மாதம் இருந்ததே. போன அண்டைக்கே நீர் விண்ணப்பிச்சிருக்கலாம்."

"அதை நான் கணக்கிலை எடுக்கேல்லை. புது இடத்திலை முதலிலை இருந்து தொடங்கியிருக்கிறன். எட்டு மாதம் முடிஞ்சுது, இன்னும் நாலு. உங்களிட்டை வந்தால், தமிழ்ப் பிள்ளைக்கு எழுதிக் குடுத்தவர் எண்டு ஆரும் சொல்லுவினம் எண்டு உங்களுக்கு ஒரு பயம் வரும். அந்தக் கரைச்சல் உங்களுக்கு வேண்டாம் எண்டு விட்டிட்டன்."

சிரிச்சுக்கொண்டு சொன்னாவோ, குத்திச் சொன்னாவோ, எனக்கு இண்டைக்கும் தெரியாது. எழும்பிக் கையைத் தட்டிக்கொண்டு, அரை நாள் லீவு போச்சு எண்டு சொல்லி நடந்து போயிட்டா.

நான் அண்டைக்கே கடிதத்தை எழுதினன். இரண்டு பக்கம். மணல் வந்த இரண்டு காலமையையும் எழுதினன், பேர் போட்டு, ஒவ்வொரு வரியிலையும் பேர் போட்டு. சனிக்கிழமை காலமை சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் போய்ப் பதினாறாம் மாடிக்கு ஏறினன். புருஷன் கதவைத் திறந்து, இருத்தி, தேத்தண்ணி தந்தார். கௌரி இரண்டு பக்கத்தையும் வாசிச்சா. மடிச்சு மேசையிலை வைச்சா. "யோசிக்கிறன் அண்ணை" எண்டா. அவ்வளவுதான். யன்னலாலை பாக்கக் கீழை எங்கட பழைய கிடங்கு இரண்டும் தெரிஞ்சுது, ஒண்டிலை கட்டிடம் பாதி எழும்பியிட்டுது. மகள் வந்து "ஹாய் அங்கிள்" எண்டிட்டுப் போச்சுது. நான் தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சிட்டு வந்திட்டன்.

கொமிற்றிக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பழைய பலகை உங்கட லாப்புக்குப் பின்னாலை, சோதிச்ச மண் வைச்ச பெட்டியளுக்கு அங்காலை சாத்திக் கிடக்கு. நான் எறிய விடேல்லை. எடுத்துத் தூசு தட்டிப் பாருங்கோ. முப்பது குண்டூசி இருக்கும், ஓட்டை முப்பத்தொண்டு. இந்த ஊர் வளருது எண்டுதான் எல்லாக் கம்பனியும் வருது. வளருறது எண்டால் என்ன, ஆக்கள் வாறதுதானே. வந்த ஆக்களிலை ஒருத்தர் உங்கட கண்ணுக்கு முன்னாலை தானே வந்து குத்தின குண்டூசியை எடுக்கிறதுக்கு முதல், அவவைக் கூப்பிட்டு ஒரு சொல் கேளுங்கோ. நான் கேக்கேல்லை. ஒரு சொல், அதுவும் எனக்குத் தெரிஞ்ச பாசையிலை.

கௌரி அந்தக் கடிதத்தை அனுப்பினாவோ, இல்லாட்டில் மிச்ச நாலு மாதத்தையும் இருந்து முடிச்சு அந்தப் புது இடத்து ஆளின்ரை கையெழுத்தோடை அனுப்பினாவோ எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் ஒரு சைட்டுக்குப் போனன், போர்மன்ரை ட்ரெயிலருக்குள்ளை மேசையிலை ஒரு பெட்டி லட்டு. கௌரிக்கு லைசன்ஸ் வந்திட்டுதாம், நடந்து வந்து குடுத்திட்டுப் போனவவாம். அவனுக்கு லட்டு எண்டு சொல்லத் தெரியேல்லை, மஞ்சள் உருண்டை எண்டான். நான் மாதங்களைக் கூட்டிக் கழிச்சுப் பாத்தன், இரண்டு விதமாயும் பொருந்திச்சுது.

எனக்கும் ஒரு பெட்டி வரும் எண்டு ஒரு கிழமை பாத்தன். எங்கட ஆக்கள் ஒரு நல்ல காரியம் நடந்தால் ஒஃபிஸ் ஒஃபிசாக் கொண்டுபோய்க் குடுக்கிறவைதானே. வரேல்லை.

அண்டைக்கு ட்ரெயிலருக்குள்ளை அந்தப் போர்மன் பெட்டியை என்ரை பக்கம் தள்ளி, "எடு, உன்ரை ஆள்தானே" எண்டான். கை நீட்டிப்போட்டுத் திருப்பி எடுத்திட்டன். அது எனக்கெண்டு வந்ததில்லை.